காளியம்மாவின் கூடையில் என் கொழுந்து

சுங்கை பாகு தோட்டம், நாலாம் டிவிஷன்,
ரிங்லெட்.
9 ஜனவரி 2025

மதிப்புக்குரிய தாரணி மிஸ் அவர்களுக்கு,

என் பெயர் ஆண்டியப்பன். முன்பு தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையில் இப்போது ஜன்னல் ஓரக் கணினியில் உட்காரும் கிழவன். நீங்கள் சைபர்ஜெயாவிலிருந்து வந்தபோது, "ஐயா, கண்ணாடி போட்டுக்கோங்க, கண்ணு வலிக்கும்" என்று சொன்னீர்களே, அவன்தான்.

இது நான் எழுதும் முதல் கடிதம். உறை மேல் இருக்கும் விலாசத்தை மட்டும் தோட்டத்து ஆபீஸ் கிராணி லோகேஸ்வரன் எழுதித் தந்தார். உள்ளே இருப்பது முழுக்க என் கை. முதலில் நலம் கேட்க வேண்டும் என்று கோயில் மண்டபத்தில் எங்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் பத்மா டீச்சர் சொன்னார். ஆகவே கேட்கிறேன். நீங்கள் நலமா? அங்கே வெயிலா? இங்கே மத்தியானம் ஆனால் மழைதான்.

கணினியிலேயே செய்தி அனுப்பும் இடம் இருக்கும்போது ஏன் தபால் என்று நினைப்பீர்கள். அதில் எழுதினால் குழுவில் உள்ள எல்லாரும் படிக்கிறார்கள். தாளில் எழுதினால் நீங்கள் மட்டும் படிப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது.

நான் வாழ்நாள் முழுக்க லாரியில் சாமான் ஏற்றியவன். உரச்சாக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஆயிரம் ஆயிரமாய்ச் சுமந்தேன். வகுப்புக்கு வெளியே நான் முதன்முதலில் நானாகப் படித்த சொல் உங்கள் கணினியில் இருந்த 'ஆள்'. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன். தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினில் கட்டிய கேமரா எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். ஆள் தெரிந்தால் சுற்றிப் பெட்டி போட்டு 'ஆள்' என்று குறிக்கிறேன். நாய் என்றால் நாய், கல் என்றால் கல், சாக்கு என்றால் சாக்கு. நாளைக்கு அந்த மெஷின் யாரும் பிடிக்காமல் தானாகவே செடி நிரையில் போகும், ஆள் இருந்தால் நிற்கவும் சாக்கு கிடந்தால் தள்ளிவிட்டுப் போகவும் நம் பெட்டிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும் என்று சொன்னீர்கள். அதுவும் என்னைப் போல இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இப்போது எழுத வந்த விஷயம். திங்கட்கிழமை காலை பூவிழி கணினியைத் திறந்தாள். என் பக்கத்தில் உட்காரும் பெண், கைக்குழந்தைக்காரி. "என்னா தாத்தா, என்னைய உள்ள விட மாட்டேங்குது" என்றாள். கிராணி வந்து பார்த்தார். குழுவில் அவள் பெயரே இல்லை. எங்கள் யாருக்கும் காரணம் தெரியவில்லை. இப்போது விடியும் முன் காய்கறி லாரி ஏறிக் கோலா தெர்லாவுக்கு முட்டைகோஸ் கட்டும் வேலைக்குப் போகிறாள்.

கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பினால் எனக்கு வேலை ஓடமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்


சைபர்ஜெயா
17 ஜனவரி 2025

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தபோது அலுவலகத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எங்களுக்கு இங்கே தபாலில் வருவது அபராதச் சீட்டு மட்டும்தான். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். அதற்குப் பிறகு கையால் தமிழ் எழுதுவது இப்போதுதான். என் எழுத்தைவிட உங்கள் எழுத்து நேராக இருக்கிறது.

பூவிழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குழுவில் யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன்.

ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு பேருக்கு அனுப்புகிறேன். யார் அந்த இன்னொருவர் என்று இருவருக்கும் தெரியாது. தனித்தனியாகப் பார்த்து இருவரும் ஒன்றே சொன்னால் அது சரி என்று ஏற்கிறோம். உங்கள் பதிலும், உங்கள் கொட்டகையிலேயே வேலை செய்யும் காளியம்மாவின் பதிலும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே வந்தன. இப்படி ஒத்துப்போகும் இருவர் என் எந்தத் திட்டத்திலும் இருந்ததில்லை. அதனால் நீங்கள் இருவரும் குறித்த வீடியோக்களையே சோதனைக் கல்லாக எடுத்து, மற்றவர்களுடைய வேலைக்கு நடுவே கலந்து வைத்தேன். அவற்றில் அடிக்கடி தவறுகிறவர்களுக்கு அனுமதியை மூடிவிட வேண்டும். அது விதி. பூவிழி தொடர்ந்து தவறினார். அவர் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினேன். ஒரு நொடி வேலை.

கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விதி விதிதான் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். எது சோதனை என்று தெரிந்துவிட்டால் அது சோதனையாக இருக்காது. உங்களுக்கும் காளியம்மாவுக்கும் என் பாராட்டுகள்.

அன்புடன்,
தாரணி


சுங்கை பாகு தோட்டம்
28 ஜனவரி 2025

மதிப்புக்குரிய தாரணி மிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பாராட்டு என்ற சொல்லை எனக்கு யாரும் எழுதியதில்லை. முதல்முறை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. மறுபடி படித்தபோது அவ்வளவு இல்லை. அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போது வேகமாகத் தாண்டிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கோலா தெர்லாவுக்குப் போனேன். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. பூவிழி தகரக் கொட்டகைக்குள் கோஸை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னா தாத்தா, ஆபீசர் மாரி சட்டையெல்லாம் போட்டு வந்திருக்கீங்க. என்னைய விசாரிக்கவா?" என்றாள்.

நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. அவளே பேசினாள்.

"எனக்குத் தெரியும் தாத்தா, எதுக்குத் தூக்குனாங்கன்னு. ஓடப்பக்கத்து நெரை வீடியோவாத்தான் இருக்கும். செடிக்கு இடையில சாக்கு மாரி ஒன்னு தெரியும் பாருங்க. சாக்கு இல்ல அது. ஆளு. எத்தன தடவ வந்துச்சோ அத்தன தடவயும் நான் ஆளுன்னுதான் போட்டேன். இன்னொரு தடவ வந்தாலும் அதான் போடுவேன்."

"சாக்க எனக்குத் தெரியாதாம்மா? எத்தன வருசம் சொமந்தேன்" என்றேன்.

"அதனாலதான் ஒங்களுக்கு எல்லாமே சாக்காத் தெரியுது லா" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். காட்சி காட்சியாக நகர்த்தினேன். ஓர் இடத்தில் காற்றடித்து இலை விலகுகிறது. சாக்குக்கு அடியில் ரப்பர் பூட்ஸின் நுனி தெரிகிறது. மிஸ், அது ஆள்தான். குந்தி உட்கார்ந்திருக்கிற ஆள்.

நான் தவறாகக் குறித்தேன். பூவிழி சரியாகக் குறித்தாள். தயவுசெய்து அவள் பெயரைத் திரும்பப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்


சைபர்ஜெயா
5 பிப்ரவரி 2025

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்ன வீடியோவைத் திறந்து பார்த்தேன். கருப்பாக ஏதோ தெரிகிறது. அது பூட்ஸாக இருக்கலாம், ஈரக் கல்லாகவும் இருக்கலாம். மலையில் பிறந்து வளர்ந்த உங்கள் கண்ணை என் கண்ணால் மறுக்கவில்லை. ஆனால் நான் என் கண்ணையோ உங்கள் கண்ணையோ நம்பி முடிவெடுக்க முடியாது.

நீங்கள் ஒருவர் தவறியிருக்கலாம். காளியம்மாவும் அதைச் சாக்கு என்றே குறித்திருக்கிறார். உங்களைக் கேட்காமல், உங்கள் பதிலைப் பார்க்காமல், தனியாக. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தவறைச் செய்வது அரிது என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலை முழுவதும் நிற்கிறது. காளியம்மா மட்டும் வேறு மாதிரிக் குறித்திருந்தால் நான் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன்.

பூவிழி மேல் நீங்கள் வைத்திருக்கும் இரக்கம் எனக்குப் புரிகிறது. நாம் நேசிப்பவர்கள் சொன்ன பிறகு பார்த்தால் கல்லும் பூட்ஸாகத் தெரியும்.

மேலும் அந்தத் தொகுதியை ஒப்படைத்தாகிவிட்டது. மெஷின் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. மார்ச் கடைசியில் உங்கள் நாலாம் டிவிஷன் நிரைகளில்தான் தானாக ஓடப் போகிறது. நிரைகளின் ஓரத்தைக் கத்திரியால் வெட்ட வழக்கம்போலப் பெண்கள் முன்னால் போவார்கள். துல்லியம் பற்றி மேலிடத்தில் எல்லாருக்கும் திருப்தி. அடுத்த திட்டத்தையும் என்னிடமே தந்திருக்கிறார்கள். அதில் உங்கள் இருவருக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்லாத இடமில்லை.

மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
தாரணி


சுங்கை பாகு தோட்டம்
14 பிப்ரவரி 2025

தாரணி மிஸ்,

இந்தக் கடிதத்தை முன்பே எழுதினேன். எழுதியதை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். எடுத்துக் கிழித்தேன். இப்போது மறுபடி எழுதுகிறேன். நலம் கேட்க மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.

காளியம்மா தனியாகப் பார்க்கவில்லை. காளியம்மா பார்க்கவே இல்லை. அவள் பெயரில் பார்த்ததும் நான்தான்.

காளியம்மா என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் இல்லை. மூட்டு தேய்ந்து மலை ஏற முடியாமல் போன பிறகுதான் இந்த உட்கார்ந்த வேலை கிடைத்தது. ஆனால் அவளுக்குக் கண்ணில் புரை. கணினியைப் பார்த்தால் பிரிஞ்சாங் மலையில் பனி இறங்கின மாதிரி இருக்கிறது என்றாள். முதல் வாரம் ஒரு பெட்டிகூடப் போட முடியவில்லை. யாரும் பார்க்காதபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நான் பார்த்தேன். "நகரு" என்றேன். அன்றிலிருந்து என் வேலை முடிந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கடவுச்சொல்லைப் போட்டு, அவள் வேலையையும் செய்தேன்.

மிஸ், நீங்கள் கொழுந்து நிறுக்கும் எங்கள் எடைக் கொட்டகையைப் பார்த்ததில்லை. பிள்ளைத்தாச்சிக்கோ காய்ச்சல்காரிக்கோ கூடை நிறையாவிட்டால், எடை போடும் முன் பக்கத்தில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை. யாரும் நன்றி சொல்வதில்லை. கங்காணி பார்ப்பார், பார்த்துவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதை இங்கே யாரும் பொய் என்று சொன்னதில்லை. நானும் ஒரு பிடி போட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

நீங்கள் ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு பேருக்கு அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீடியோ காளியம்மாவின் கணினியிலும் வருவதைப் பார்த்து, எளிதாகப் போயிற்று, ஏற்கெனவே பார்த்ததுதானே என்று சந்தோஷப்பட்டேன். என்னோடு நானே ஒத்துப்போனதற்குத்தான் நீங்கள் பாராட்டு எழுதினீர்கள். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கோலா தெர்லாவுக்குப் போய்வந்து உங்களுக்குப் பாதியை மட்டும் எழுதினேன். மீதியை எழுதினால் காளியம்மாவுக்கு வேலை போய்விடும். பூவிழிக்குப் போனதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. ஏன் என்று கேட்டால், ஒருத்தி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், ஒருத்தி லாரி ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், தைப்பூசத்துக்குப் பூவிழி வந்திருந்தாள். கோயில் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அந்த வீடியோல இருக்கிறது யாருன்னு இன்னுமா தெரியல?" என்று கேட்டாள்.

"யாரு?"

"காளியம்மா அத்த. போன வருசம் எடுத்த வீடியோ அது. மூட்டு வலிச்சா நெரைக்குள்ள குந்திக்கும். மழைக்கு உரச்சாக்கக் கிழிச்சுத் தலையோட போத்திக்கும். நான் பக்கத்து நெரையிலதான் நின்னேன். எனக்குத் தெரியாதா?"

காளியம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, காளியம்மாவின் பெயரில், காளியம்மாவை நான் சாக்கு என்று குறித்திருக்கிறேன். ஒருமுறை என் பெயரிலும் ஒருமுறை அவள் பெயரிலும்.

தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். காளியம்மாவை விட்டுவிடுங்கள்.

ஆண்டியப்பன்


சைபர்ஜெயா
21 பிப்ரவரி 2025

ஐயா,

கடிதம் கிடைத்தது. இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா? கிராணிக்குத் தெரியுமா?

பூவிழிக்கு இன்று காலை அனுமதியைத் திறந்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து உட்காரச் சொல்லுங்கள். ஓடைப்பக்கத்து நிரை வீடியோவை நானே 'ஆள்' என்று திருத்திவிட்டேன். காளியம்மாவுக்கு வேறு ஏதாவது எளிதான வேலை தர முடியுமா என்று பார்க்கிறேன். இனி நீங்கள் உங்கள் நாற்காலியில் மட்டும் உட்காருங்கள்.

மற்றதை விட்டுவிடுவோம். நீங்கள் இருவரும் குறித்ததை எல்லாம் சந்தேகப்பட்டால், அவற்றை வைத்துச் சோதித்த மற்றவர்களுடைய வேலையையும் சந்தேகப்பட வேண்டும். அப்படித் திறந்தால் எங்கே மூடுவது? திட்டமே நின்றுவிடும். நான் எத்தனை பேர் முன்னால் நின்று அந்தத் துல்லியத்தைப் பற்றிப் பேசினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

தயவுசெய்து இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

தாரணி


சுங்கை பாகு தோட்டம்
3 மார்ச் 2025

தாரணி மிஸ்,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் எழுதக் கற்றதே போன வருஷம்தான். அதற்குள் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று வயிறாரச் சாப்பிட்டேன். பூவிழியிடம் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அந்த ஒன்ன மட்டும் திருத்துனாங்களா? மத்த வீடியோல எத்தன பேரச் சாக்குன்னும் கல்லுன்னும் போட்டு வச்சிருக்கீங்களோ, அத யாரு பாக்கறது? அப்படித் திருட்டுத்தனமா உள்ள வர நான் என்னா திருடியா? போங்க தாத்தா, நான் வர்ல."

பிறகு காளியம்மாவிடம் போனேன். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அடுப்படியில் வெங்காயம் தொட்டுத் தொட்டு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"ஏண்ணே, என்னையவா சாக்குன்னு போட்ட? கண்ணு எனக்குத்தான் அவிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

பிறகு உரித்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். 

"அந்த மெசினு எப்ப வருது?" என்றாள்.

"மாசக் கடைசியில."

"முத்தல் எலயும் குச்சியும் ஒருத்தி கூடையில கெடந்தா கங்காணி என்னாண்ணே செய்வாரு?"

"கவுத்துருவாரு."

"ஒரு பிடியா, மொத்தமுமா?"

"மொத்தமும்."

"அப்ப கவுக்கச் சொல்லு. எம் பேர்ல கெடக்கறது எல்லாத்தையும்."

"வேலை போயிரும் தங்கச்சி."

"போனாப் போவுது. நாளைக்கு எனக்கு வலிச்ச மாரியே ஒருத்திக்கு வலிக்கும், குந்துவா. சாக்குன்னு நெனச்சு மேல ஏறிட்டுப் போனா அதுவும் எம் பேர்லதான இருக்கும்? எம் பேர்ல அது வேணாம்."

மிஸ், நான் உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கிராணியிடம் இதுவரை சொல்லவும் இல்லை. யாரிடமாவது சொன்னீர்களா என்று நீங்கள் கேட்ட வரியைப் படித்தபோது உங்கள் முகம் எனக்குத் தெரிந்தது. உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் மெஷின் வருகிறது. கூடையைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஆண்டியப்பன்


சைபர்ஜெயா
12 மார்ச் 2025

அன்புள்ள ஐயா,

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை நான் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டிலும் வைக்க முடியவில்லை, அலுவலகத்திலும் வைக்க முடியவில்லை. மார்ச் கடிதம் வந்த பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் படித்து மொழிபெயர்த்தேன். காளியம்மா சொன்ன இடத்தை இரண்டு முறை படித்தேன்.

நீங்களும் காளியம்மாவும் குறித்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். அவற்றால் சோதிக்கப்பட்டவர்களுடைய வேலையும் மீண்டும் பார்க்கப்படும். மெஷின் இந்த மாதம் ஓடாது. எல்லாம் முடியும்வரை ஓடாது என்று எழுத்தில் வாங்கிவிட்டேன்.

பூவிழியைப் போல வேறு ஊர்களில் இருந்தும் சிலரை நீக்கியிருந்தேன். அவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் பதிலே தரவில்லை. தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது. பூவிழியை யாரும் திருட்டுத்தனமாக உள்ளே விடவில்லை. தவறு எங்களுடையது, நீங்கள் குறித்தது சரி என்று எழுதி, நிறுவனத்தின் முத்திரையோடு அவர் பெயருக்கே கடிதம் போயிருக்கிறது.

திட்டத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது நான் சரிபார்ப்பவர்களில் ஒருத்தி. குழுவில் யார் யார் என்ற பட்டியலைத் திறக்கக்கூட எனக்கு அனுமதியில்லை. நேற்று பழக்கத்தில் திறக்கப் போனேன். கதவு மூடியிருந்தது. பூவிழிக்கு அந்தத் திங்கட்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் பெயரையும் காளியம்மா பெயரையும் எடுக்க வேண்டியிருந்தது. வேறு யாரும் செய்ய வேண்டாம் என்று நானே செய்தேன். அந்தத் திட்டத்தில் நான் கடைசியாக அழுத்திய பொத்தான் அது. இந்தமுறை ஒரு நொடியில் முடியவில்லை.

இன்னொன்று. நான் தோட்டத்துக்கு வந்த அன்று, காளியம்மா மௌஸைக் கையால் தடவித் தேடியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வயதானவர்கள்தானே என்று நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த எண்கள் நன்றாக இருந்தன. எண்கள் நன்றாக இருக்கும்போது யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. நீங்கள் செய்ததை நீங்கள் சொன்னீர்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நடந்ததை உங்கள் கையால் எழுதி, கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று நிறுவனம் கேட்கிறது. கிராணியிடம் கொடுத்தால் போதும்.

தாரணி


சுங்கை பாகு தோட்டம்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள தாரணிக்கு,

இப்போது நீங்கள் எனக்கு மேலதிகாரி இல்லை என்று கிராணி சொன்னார். அதனால் மிஸ் போடவில்லை. தவறானால் சொல்லுங்கள், திரும்பப் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட வாக்குமூலத்தைக் கிராணி ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். லோகேஸ்வரன் பழக்கதோஷத்தில் மைத்தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எத்தனையோ வருஷம் என் கட்டைவிரலைப் பிடித்துச் சம்பளத் தாளில் அழுத்தியவர். "வேணாங்க, எனக்கு எழுத வரும்" என்றேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. காளியம்மாவின் பெயரில் நான் குறித்தேன், பூவிழியின் வேலை என்னால் போனது, தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று ஒவ்வொரு வரியாக எழுதினேன். எழுதி முடித்துத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து வரிசை கோணாமல் நின்றது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. என் குற்றத்தை எழுதிய தாளைப் பார்த்து, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு கையெழுத்துப் போடக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். பிறகு வந்து போட்டேன்.

காளியம்மாவும் வந்திருந்தாள். நான் எழுதியதைக் கிராணி அவளுக்குப் படித்துக் காட்டினார். "அண்ணன் மட்டுமா செஞ்சாரு? நான் நகந்து குடுத்தேன்ல, அத எழுதல?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "எங் கூடைன்னா நானுந்தான். சும்மாருண்ணே" என்றாள். அதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதினேன். அதன் கீழே அவள் விரலை வைத்தாள். அவளுக்காக மைத்தட்டு திரும்ப வந்தது.

வேலை எங்கள் இரண்டு பேருக்கும் போய்விட்டது. அவளுக்கு ஈப்போ கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதுவரை என் வீட்டில் சமைப்பது அவள் வீட்டுக்கும் போகிறது. என் மகளும் மருமகனும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

பூவிழி போன வாரம் திரும்பி வந்தாள். உங்கள் நிறுவனத்தின் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறாள். என்னிடம் பேசுகிறாள், ஆனால் கேட்டதற்கு மட்டும். முன்பெல்லாம் தேத்தண்ணி ஊற்றும்போது எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவாள். இப்போது ஊற்றுவதில்லை. ஊற்றாதது நியாயம்தான்.

நீக்கிய வீடியோக்கள் புதிதாகத் திரும்பி வந்திருக்கின்றன. நேற்று காளியம்மா, "என்னைய ஆயாக்கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போண்ணே" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசலில் கால் வைத்ததுமே பூவிழி திரும்பிப் பார்த்து, "உள்ள வராதீங்க தாத்தா. ஒங்க ரெண்டு பேருக்கும் அனுமதி இல்ல. எனக்குத்தான் பிரச்சன" என்றாள்.

"வர்லம்மா" என்றேன். இரண்டு பேரும் வாசற்படியிலேயே நின்றோம். அவள் கணினியின் முகம் அந்தப் பக்கம் திரும்பி இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காளியம்மாவுக்கு எங்கே நின்றாலும் ஒன்றுதான்.

"ஓடப்பக்கத்து நெரை வந்திருச்சாடி?" என்று காளியம்மா அங்கிருந்தே கேட்டாள்.

பூவிழி கணினியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். விதியை நினைத்தாளோ என்னவோ.

"வந்திருச்சு."

"நான் தெரியிறனா?"

"தெரியிறீங்க அத்த. பெட்டி போட்டுட்டேன்."

காளியம்மா என் கையை விட்டாள். திரும்பித் தானாகவே சுவரைத் தொட்டுத் தொட்டு லயத்து வீடுகள் பக்கம் நடந்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்